செதில் காளானும் பெரியம்மாவும்

"காளான் வெட்டுறவளுக்குக் காளான் தெரியாதாடி?"

ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டு அக்கா என்னிடம் கேட்ட கேள்வி இது. அக்கா என்றால் என் பெரியம்மாவின் மகள். உள்ளே அவளுடைய அப்பா, என் பெரியப்பா, கண்ணெல்லாம் மஞ்சளாகி, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கக்கூட முடியாமல் கிடந்தார். அவர் சாப்பிட்ட காளானைப் பறித்து வந்து வதக்கிக் கொடுத்தது பெரியம்மா. பெரியம்மாவுக்குச் சோறு போடுகிற வேலையே காளான் ஷெட்டில் காளான் வெட்டுவதுதான்.

நான் அப்போதுதான் பள்ளிப் படிப்பை முடித்திருந்தேன். எனக்குப் பதில் தெரியவில்லை. "தெரியலக்கா" என்றேன். அக்கா தலையை ஆட்டிக்கொண்டாள். நான் சொன்னதை அவள் என்னவாக எடுத்துக்கொண்டாள் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் இப்போது தெரியும். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பெரியம்மாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். குள்ளமான உடம்பு, பெரிய குரல். தெருமுனையில் அவள் யாரையாவது திட்டினால் எங்கள் வீட்டு அடுப்படிக்குக் கேட்கும். வலது கட்டைவிரல் முழுக்கச் சின்னச் சின்னக் கத்திக் கீறல்கள். ஷெட்டில் அவளுக்கு 'மெஷின்' என்று பெயர். மற்றவர்கள் ஒரு பெட்டி நிரப்புவதற்குள் அவள் இரண்டாவது பெட்டியில் கை வைத்திருப்பாள். "மெஷினுக்கு எண்ணெய் ஊத்துங்கப்பா, சூடாயிடப் போகுது" என்று யாராவது கிண்டல் செய்தால், "உன் வாயைக் கொஞ்சம் கழட்டிக் குடு, அதுதான் நிக்காம ஓடுது, மாட்டிக்கிறேன்" என்பாள். கை மட்டும் நிற்காது.

அந்த ஷெட்டை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். ஜன்னல் இல்லாத நீளமான அறை. உள்ளே போனால் ஈரமும் குளிரும் முகத்தில் அப்பும். இரும்புத் தட்டுகள் கூரை வரைக்கும் அடுக்கடுக்காக இருக்கும். தட்டு நிறைய மட்கிய உரம், அதன்மேல் கறுப்பு மண், அந்த மண்ணைத் தள்ளிக்கொண்டு வெள்ளை வெள்ளையாகப் பட்டன் காளான். கடையில் டப்பாவில் விற்கிறதே, அதுதான். ஒரு கையால் தொப்பியைப் பிடித்துத் திருகி எடுத்து, மறு கையால் தண்டின் அடியை வெட்டி எறிந்துவிட்டு, பெட்டியில் வைக்க வேண்டும். தொப்பி குடை மாதிரி விரிவதற்கு முன்பே வெட்டிவிட வேண்டும். விரிந்துவிட்டால் விலை போகாது.

அங்கே இன்னொரு தொல்லை உண்டு. ஃபேன் கொஞ்சம் வேகமாக ஓடினால், ஈரம் குறைந்து தொப்பியின் தோல் வெடிக்கும். மீனுக்குச் செதில் மாதிரி மேலே பிசிறு பிசிறாகத் தூக்கிக்கொண்டு நிற்கும். "செதில் விழுந்துடுச்சு, ஃபேனைக் குறை!" என்று சூப்பர்வைசர் கத்துவார். செதில் விழுந்தவை பெட்டிக்குப் போகாது. ருசியில் ஒரு குறையும் கிடையாது, பார்க்கத்தான் நன்றாக இருக்காது. அதனால் வேலை செய்பவர்களே வீட்டுக்கு எடுத்துக்கொள்வார்கள். எங்கள் இரண்டு வீட்டிலும் பல வருஷமாகச் செதில் காளான்தான் சாப்பிட்டிருக்கிறோம்.

பெரியம்மா மட்டும் சாப்பிட மாட்டாள். "நாள் பூரா அந்த நாத்தத்துலயே நிக்கிறேன். வீட்டுலயும் வாயில வைக்கணுமா?" என்பாள். ஷெட்டில் வேலை செய்கிற பாதிப் பேர் அப்படித்தான். இந்த விஷயத்தை மறந்துவிடாதீர்கள். பின்னால் வரும்.

பெரியப்பா டைல்ஸ் ஒட்டுபவர். நாள் முழுக்க முட்டி போட்டு வேலை பார்த்து, சாயந்திரம் வீட்டுக்கு வரும்போது கால் மடங்காது, சில நாள் நிமிராது. அவருக்குக் காளான் என்றால் உயிர். அவருக்கும் பெரியம்மாவுக்கும் ஒரு பழைய விளையாட்டு உண்டு. சட்டியின் மூடியைத் திறந்துகொண்டே அவர் கேட்பார்:

"இன்னைக்கு என்ன விஷம்?"

"நல்ல விஷம்தான். உக்காந்து தின்னு."

"போன தடவை வச்சது வேலை செய்யலையே?"

"இந்தத் தடவை அளவைக் கூட்டியிருக்கேன்."

பக்கத்து வீட்டுக்காரர்கள், பால் போடுபவர், வாடகை வாங்க வருபவர் என்று எல்லோரும் கேட்டுச் சிரித்த பேச்சு இது. அக்கா சின்ன வயதில் அதைச் சொல்லிக் காட்டி விளையாடுவாள். அவர்கள் ஒருவருக்கொருவர் கொஞ்சிப் பேசி நான் பார்த்ததில்லை. அவர்கள் கொஞ்சுவதே இப்படித்தான் என்று எனக்குத் தோன்றும்.

பெரியம்மாவின் ஷெட்டுக்குப் புதிதாக ஒரு மேனேஜர் வந்தார். செதில் காளானையும் சூப் பொடி செய்கிறவர்களுக்கு அனுப்பச் சொல்லிவிட்டார். வீட்டுக்கு எடுத்துப் போவது நின்றது. பெரியப்பா சும்மா இருப்பாரா? "மெஷின் வீட்டுலயே காளான் இல்லையாம், ஊர்ல சொல்லாத" என்று குத்திக்கொண்டே இருந்தார்.

ஷெட்டின் பின்சுவரை ஒட்டி ஒரு குவியல் உண்டு. காளான் அறுத்து முடித்த, சத்துப் போன உரத்தை அங்கேதான் கொட்டுவார்கள். மழை பெய்தால் அதிலும் காளான் முளைக்கும், அதே பட்டன் காளான்தான். வேலை முடிந்து போகும்போது பெண்கள் அதைப் பறித்துக்கொண்டு போவது வழக்கம். மேனேஜரே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். அன்றைக்கு மழை விட்டிருந்தது. குவியலில் இருந்ததை மற்றவர்கள் முன்பே பறித்துவிட்டார்கள். குவியலின் ஓரத்தில், மரத்தடியில், சருகும் புல்லும் கலந்த இடத்தில் சின்னச் சின்னதாகக் கொஞ்சம் நின்றன. தொப்பியெல்லாம் செதில்.

பெரியம்மா அதைப் பறித்துத் துணிப்பையில் போட்டுக்கொண்டு வந்தாள். பழகிய கை, தண்டை அங்கேயே வெட்டி எறிந்துவிட்டது.

வெங்காயம் போட்டு மிளகுத் தூள் தூவி வதக்கினாள். பெரியப்பா வழக்கம்போலக் கேட்டார். பெரியம்மா வழக்கம்போலப் பதில் சொன்னாள். அக்கா வேலை பார்ப்பது கண்ணாடிக் கடையில். அவள் வீட்டுக்கு வந்தபோது சட்டி காலி.

"எனக்கு வைக்கலையாப்பா?"

"உங்கம்மா எனக்குன்னு வச்ச விஷம். பங்கு கேக்காத" என்றார் பெரியப்பா, விரலை நக்கிக்கொண்டே.

மறுநாள் விடியும்போது அவருக்கு வாந்தியும் பேதியும் பிடித்துக்கொண்டது. சாப்பிட்டு ஒரு ராத்திரி போய்விட்டதால் யாருக்கும் காளான்மேல் சந்தேகம் வரவில்லை. வேலை செய்கிற இடத்தில் குடித்த தண்ணீராக இருக்கும் என்றார் பெரியப்பாவே. பக்கத்துக் கிளினிக்கில் டாக்டர் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். காளான் என்றதும் அவர் நிமிர்ந்து பார்த்தார். "என்ன காளான்?"

"எங்க ஷெட் காளான்தான் டாக்டர். நான் அங்கதான் வேலை செய்யிறேன்" என்றாள் பெரியம்மா.

அந்தப் பதிலுக்கு மேல் கேட்க அவருக்கு ஒன்றுமில்லை. குளுக்கோஸ் ஏற்றி அனுப்பினார். பெரியம்மா பொய் சொல்லவில்லை. அவள் அப்படித்தான் நம்பினாள்.

அதற்கு அடுத்த நாள் பெரியப்பாவுக்கு எல்லாம் நின்றுவிட்டது. கஞ்சி குடித்தார். எழுந்து உட்கார்ந்தார். அவரைப் பார்க்க அவருடைய தங்கை, அக்காவுக்கு அத்தை, வந்திருந்தார். நானும் அங்கேதான் இருந்தேன். பெரியப்பா எல்லோர் முன்னாலும் பெரியம்மாவைப் பார்த்துச் சிரித்தார்.

"என்னடி, இந்தத் தடவையும் உன் விஷம் வேலை செய்யலையே!"

"உன் வயிறு சிமென்ட் தின்ன வயிறு. அதுல எது வேலை செய்யும்?" என்றாள் பெரியம்மா.

எல்லோரும் சிரித்தோம். அத்தையும் சிரித்தார். இப்போது அத்தையைக் கேட்டால், தான் சிரிக்கவே இல்லை என்பார். நான் பார்த்தேன், சிரித்தார்.

அது குணமே இல்லை என்று பிறகு ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். இந்த விஷம் அப்படித்தானாம். முதலில் வயிற்றைக் கலக்கும், அப்புறம் எல்லாம் சரியாகிவிட்ட மாதிரி ஒதுங்கி நிற்கும். அந்த நேரத்தில்தான் உள்ளே கல்லீரல் கெட்டுக்கொண்டிருக்குமாம். பெரியப்பா கஞ்சி குடித்துச் சிரித்தது அந்த நேரத்தில்.

அடுத்த காலை அக்காதான் முதலில் பார்த்தாள். "அப்பா, உன் கண்ணு ஏன் இப்படி இருக்கு?" சாயந்திரத்துக்குள் அவர் பெரிய ஆஸ்பத்திரியில், பேச்சுக் குழறிக் கிடந்தார். அங்கே இருந்த டாக்டர் கிளினிக் டாக்டர் மாதிரி விடவில்லை. காளான் எந்தத் தட்டில் வெட்டியது என்று கேட்டார். பெரியம்மா முதன்முறையாக, "தட்டுல இல்ல டாக்டர், பின்னால குவியல் ஓரத்துல" என்றாள். அதே இடத்தில் இன்னும் இருந்தால் வேரோடு, மண்ணோடு கொண்டு வரச் சொன்னார். பெரியம்மா ஓடினாள். ஒரு டிபன் டப்பாவில் நாலைந்து காளானை மண்ணோடு கொண்டு வந்தாள். இந்த முறை தண்டை வெட்டவில்லை.

பூஞ்சைகளை ஆராய்ச்சி செய்கிற ஒரு மேடத்தை டாக்டர் வரவழைத்திருந்தார். அவர் அந்த டப்பாவை வராண்டா பெஞ்சில் வைத்து, ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். பெரியம்மா, அக்கா, அத்தை, நான், நாலு பேரும் சுற்றி நின்றோம். அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். தயவுசெய்து கவனமாகப் படியுங்கள்.

தொப்பி சின்னது, தண்ணீர் பாட்டில் மூடியைவிடக் கொஞ்சம்தான் பெரியது. நடுவில் அடர்ந்த பழுப்பில் ஒரு பொட்டு. அதைச் சுற்றி, செம்பழுப்புச் செதில்கள் வட்ட வட்டமாக, ஓரத்துக்குப் போகப் போகச் சிதறிக்கொண்டே போகும். செதில்களுக்கு இடையில் தொப்பி வெளுப்பாகத் தெரியும். பட்டன் காளானில் செதில் விழுந்தால் அது வெறும் தோல் வெடிப்பு, தொப்பியின் நிறமேதான் இருக்கும். இது பிறவியிலேயே செதில். தொப்பியைக் கவிழ்த்தால் அடியில் இருக்கும் மடிப்புகள் வெள்ளை, பட்டன் காளான் முற்றினால் பழுப்பாகிற மாதிரி மாறாது. அவை தண்டைத் தொடாமல் கொஞ்சம் விலகி நிற்கும். தண்டு ஒல்லி. அதில் மேலே ஒரு வளையம் இருந்த தடம் மட்டும் லேசாகத் தெரியும், பல சமயம் அதுவும் உதிர்ந்துவிடும். கெட்ட வாசனை கிடையாது. கசக்காது. எவ்வளவு கொதிக்க வைத்தாலும் விஷம் போகாது.

பிறகு ஒரு தொப்பியை வெட்டி, கறுப்புக் காகிதத்தின்மேல் கவிழ்த்து, டம்ளரால் மூடி வைத்தார். "காலைல பாருங்க. காளான் தன் விதையைத் தூளாக் கொட்டும். அதோட நிறம் முக்கியம்" என்றார்.

காலையில் டம்ளரை எடுத்தார். கறுப்புக் காகிதத்தில், மடிப்புகளின் கோடு கோடாக, வெள்ளைத் தூள் படிந்திருந்தது.

பெரியம்மா குனிந்து அந்தத் தூளை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"எங்க காளான்னா காப்பித்தூள் நிறத்துலதானே விழும்" என்றாள்.

ஷெட்டில் மறந்துபோன காளான் ஏதாவது முற்றி விரிந்துவிட்டால், கீழ்த்தட்டில் இருப்பவற்றின்மேல் பழுப்புத் தூள் கொட்டிவிடும். அதைத் துணியால் துடைத்துத் துடைத்து அவளுக்குப் பழக்கம். எதைச் செய்துவிட்டோம் என்பது அந்த நொடியில்தான் அவளுக்குப் புரிந்தது. முகத்தைப் பார்த்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்கும். ஆனால் அத்தை முகத்தைப் பார்க்கவில்லை, பேச்சைத்தான் பிடித்துக்கொண்டார்.

"கேட்டீங்களா? கேட்டீங்களா எல்லாரும்? நிறம் வரைக்கும் தெரிஞ்சு வச்சிருக்கா! அப்புறம் எப்படி எங்கண்ணனுக்கு இதை வதக்கிப் போட்டா? அதுவும் அவ ஒரு வாய் திங்கல!"

"தங்கச்சி, நான் எப்பவுமே திங்க மாட்டேன்னு உனக்குத் தெரியும்."

"என்னைத் தங்கச்சின்னு கூப்பிடாத."

பெரியம்மா அக்காவைப் பார்த்தாள். அம்மா காளான் சாப்பிட மாட்டாள் என்று அக்காவுக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவள் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து மாடிப்படிக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன். அப்போதுதான் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

பெரியப்பா பிழைக்கவில்லை.

போலீஸ் விசாரித்தது. தெருவில் ஒவ்வொரு வீடாகக் கேட்டார்கள். இத்தனை வருஷம் கேட்டுச் சிரித்தவர்கள் எல்லோரும் இப்போது சிரிக்காமல் சொன்னார்கள்: "ஆமா சார், விஷம் வைக்கிறேன்னு அந்தம்மா தினமும் சொல்லும்." பால் போடுபவர் நெஞ்சில் கை வைத்துச் சொன்னார். விபத்து என்று வழக்கை முடித்துவிட்டார்கள். தெருவில் அது முடியவில்லை. ஷெட் மேனேஜர், "வெளிய முளைக்கிறதைப் பறிக்கச் சொல்லி நாங்க யார்கிட்டயும் சொன்னதில்லையே" என்றார். குவியலுக்குப் பக்கத்தில் பறிக்கக் கூடாது என்று ஒரு போர்டு வைத்தார்கள். பெயின்ட் காய்வதற்குள் பெரியம்மாவைக் கொஞ்ச நாள் வீட்டிலேயே இருக்கச் சொன்னார்கள். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை. அக்கா அத்தையோடு வேறு ஊருக்குப் போய்விட்டாள், அங்கேயும் கண்ணாடிக் கடை வேலைதானாம். போகும்போது அம்மாவிடம், "நான் போறேன்" என்று மட்டும் சொன்னாள். போய் வருகிறேன் என்று சொல்லவில்லை.

எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. அந்த ஷெட்டில் ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டேன். என் அம்மா கத்தினாள், "உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா? அந்த இடத்துலயா?" அந்த இடத்தில்தான் பதில் இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. போனேன். எனக்குக் கொடுத்த கத்தியின் பிடியில் பழைய பூப்போட்ட துணி சுற்றியிருந்தது. பெரியம்மாவின் சேலைத் துண்டு. யாரும் அதைப் பிரித்துப் போடக்கூட மெனக்கெடவில்லை.

சூப்பர்வைசர் எனக்குச் சொல்லிக் கொடுத்த பாடம் மொத்தமும் இதுதான்: "வெள்ளையா, மூடியிருந்தா எடு. விரிஞ்சா ஒதுக்கு. செதில் விழுந்தா ஒதுக்கு."

"வேற காளான் வந்தா?" என்று கேட்டேன்.

"வேற காளான் இங்க எப்படிம்மா வரும்? நாமதானே விதைக்கிறோம்?"

ஒருநாள் டீ நேரத்தில் எனக்கு ஒரு யோசனை வந்தது. ஆஸ்பத்திரியில் அந்தக் காளானை நான் போனில் படம் எடுத்து வைத்திருந்தேன். அதை அங்கே எல்லோருக்கும் மூத்தவரிடம், 'டீச்சர்' என்று பட்டப்பெயர் உள்ளவரிடம், காட்டினேன். என்ன படம் என்று சொல்லவில்லை.

"இது என்னன்னு சொல்லுங்க?"

"செதில். ஃபேன் காத்து ஜாஸ்தி" என்றார் உடனே.

"ஏன் இவ்வளவு சின்னதா இருக்கு?"

"கடைசி அறுப்பா இருக்கும். உரத்துல சத்துத் தீந்துட்டா சின்னதாத்தான் வரும். பாரு, தண்டும் ஒல்லி."

"பழுப்பா இருக்கே?"

"வெயில் பட்டிருக்கும். ஏண்டி, என்னைப் பரீட்சை எழுத வைக்கிறியா?"

கவிழ்த்து எடுத்த படத்தைக் காட்டினேன். "அடியில வெள்ளையா இருக்கே, பரவாயில்லையா?"

"வெள்ளையா இருந்தா நல்லதுதானே? இளசு. இன்னும் நிறம் மாறவே இல்லை. எங்க பறிச்ச? மிச்சம் இருக்கா?"

நான் போனை உள்ளே வைத்துவிட்டேன். டீ குடித்துக்கொண்டிருந்த வேறு இரண்டு பேரிடமும் கேட்டேன். கொஞ்சம் வார்த்தைதான் மாறியது.

அக்கா, இதுதான் உன் கேள்விக்குப் பதில். காளான் வெட்டுகிறவளுக்குக் காளான் தெரியாது. அவளுக்கு ஒரே ஒரு காளானைத்தான் தெரியும். அந்த ஒன்றுக்கு வருகிற எல்லா நோயும் குறையும் தெரியும். அதனால் வேறு ஒரு காளான் எதிரே வந்து நின்றால், தன் காளானுக்கு ஏதோ குறை என்றுதான் நினைப்பாள். செதிலுக்கு ஒரு காரணம் வைத்திருப்பாள், சின்ன உருவத்துக்கு ஒரு காரணம் வைத்திருப்பாள். எதுவும் தெரியாத ஒருத்தி பயந்து தொடாமல் போயிருப்பாள். உன் அம்மா பயப்படவில்லை, அவ்வளவுதான். பழுப்புத் தூள் அவளுக்குத் தெரியும், உண்மைதான். வதக்குகிறவள் எவளாவது தூள் விழும்வரைக்கும் காத்திருந்து பார்ப்பாளா?

அன்றைக்கே அக்காவுக்குப் போன் செய்தேன். அத்தைதான் எடுத்தார். நான் டீச்சர் சொன்னதைச் சொல்ல ஆரம்பித்தேன். "உங்க பெரியம்மா சொல்லிக் குடுத்தாளா?" என்று கேட்டு வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அந்த எண் வேலை செய்யவில்லை.

பெரியம்மாவிடமும் சொன்னேன். அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"டீச்சருமா அப்படிச் சொன்னா?"

"ஆமா பெரிம்மா."

"அப்ப முதல்ல அவகிட்ட உண்மையைச் சொல்லிட்டு வா. அவளும் அந்தக் குவியல்ல பறிக்கிறவதான்."

சொன்னேன். அந்தப் போர்டைத் தாண்டி யாரும் போகாமல் இப்போது டீச்சரே பார்த்துக்கொள்கிறார். ஆனால் பெரியம்மா வீட்டுப் பக்கம் அவரும் வருவதில்லை.

பெரியம்மா இப்போது ஒரு வீட்டில் பாத்திரம் கழுவுகிறாள். சமையலுக்கு யாரும் கூப்பிடுவதில்லை. நான் போகும்போது ஏதாவது செய்து வைத்திருப்பாள். ஒருமுறை பழக்கத்தில் மூடியைத் திறந்துகொண்டே, "என்ன பெரிம்மா வச்சிருக்க?" என்று கேட்டுவிட்டேன். அவள் தட்டில் போட்டு, முதல் வாயைத் தானே தின்று காட்டிவிட்டு, மீதியை என் பக்கம் தள்ளினாள். நான் அழக்கூடாது என்று வேகமாகச் சாப்பிட்டேன். இப்போதெல்லாம் யாருக்குப் பரிமாறினாலும் அவள் அப்படித்தான் செய்கிறாள்.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்களுக்குத் தெரிந்தவர்கள் யாராவது தோட்டத்திலோ மரத்தடியிலோ முளைத்த காளானைப் பறிப்பவர்களாக இருந்தால் இந்தக் கதையைச் சொல்லுங்கள். சின்னத் தொப்பி, நடுவில் பொட்டு, வட்ட வட்டமாகச் செதில், அடியில் வெள்ளை மடிப்பு. நான் எழுதிய அடையாளத்தை வைத்துக்கொண்டு நல்லது கெட்டது பிரிக்க வேண்டாம், தானாக முளைத்ததைத் தொடாமலே இருக்கட்டும். தின்றுவிட்டவர் வாந்தி நின்று எழுந்து உட்கார்ந்து சிரித்தால் நம்ப வேண்டாம், தூக்கிக்கொண்டு ஓடுங்கள். கேட்டவர்கள் இன்னொருவருக்குச் சொல்லட்டும். அப்படியே சொல்லிச் சொல்லிப் போனால், ஏதோ ஒரு ஊரில், ஒரு கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிற ஒருத்தியின் காதிலும் ஒருநாள் விழும். அவள்தான் எங்கள் அக்கா என்று உங்களுக்குத் தெரியாது. பரவாயில்லை, சொல்லிவிட்டுப் போங்கள்.